செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்

கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்களில் கோளாறைச் சொல்கிறவர்கள் குறைவு, நேராகத் தீர்ப்பைச் சொல்கிறவர்கள்தான் அதிகம். "பேட்டரி போயிடுச்சுண்ணா, புதுசு போட்டு விட்ருங்க" என்பார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் பல நேரம் பேட்டரி நன்றாகவே இருக்கும். டெர்மினல் லூசாக இருக்கும், டைனமோ (என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) பெல்ட் வழுக்கும், இல்லையென்றால் ராத்திரி முழுக்க எங்கேயோ ஒரு சின்ன விளக்கு எரிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதுசு போட்டால், புதுசும் கொஞ்ச நாளில் அதே கதிக்கு வரும். காசும் போகும், இன்னொரு பத்து கிலோ ஈயமும் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

அதனால் அறிகுறியிலிருந்து தொடங்கலாம். உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போய்ப் படியுங்கள். ஆனால் அடுத்து வரும் பகுதியை யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

கை வைப்பதற்கு முன்

மோதிரம், காப்பு, இரும்புப் பட்டை வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். பாசிட்டிவில் ஸ்பேனர் போடும்போது மோதிர விரல் பாடியில் பட்டால், பல நூறு ஆம்பியர் அந்த மோதிரம் வழியாகத்தான் ஓடும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் மோதிரம் ஓரிரு நொடியில் பழுத்துச் சிவந்துவிடும். கழற்ற வராத மோதிரம் என்றால் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் பாடியோடு சேர்ந்தது. அதை முதலில் விலக்கிவிட்டால், பாசிட்டிவ் கழற்றும்போது ஸ்பேனர் எங்கே இடித்தாலும் பொறி பறக்காது.

பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் என்ற எரியும் வாயு வரும், அதனால் பீடி, சிகரெட் கிட்டேயே வரக்கூடாது. தண்ணீர் அளவு பார்க்க லைட்டரைக் கொளுத்திக் குனிகிற ஆட்களை இன்னும் பார்க்கிறேன். கையில் டார்ச் உள்ள போன் இருக்கும்போதே அப்படிச் செய்கிறார்கள். கண்ணுக்கு ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி, கைக்கு ரப்பர் கையுறை, பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர். கருவி என்று பார்த்தால் ஒரு மல்டிமீட்டர் போதும். மூடி திறக்கிற பேட்டரி என்றால் கூட அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டர்.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது தெரிந்தால்தான் கீழே வரும் எண்கள் புரியும். கார் பேட்டரியில் ஆறு செல். ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். பாசிட்டிவ் பிளேட்டில் பழுப்பு நிற ஈய டை ஆக்சைடு, நெகட்டிவ் பிளேட்டில் சாம்பல் நிறத் தூய ஈயம், நடுவில் தண்ணீர் கலந்த கந்தக அமிலம். கரண்ட் எடுக்க எடுக்க அமிலத்தில் உள்ள சல்பேட் இரண்டு பிளேட்டிலும் போய் ஈய சல்பேட்டாக ஒட்டிக்கொள்ளும், அமிலம் நீர்த்துத் தண்ணீராகிக்கொண்டே வரும். சார்ஜ் ஏற்றினால் சல்பேட் பிளேட்டை விட்டு மறுபடி அமிலத்துக்கு வரும். 1859-இல் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் செய்து காட்டியது இதைத்தான். பிளேட் செய்கிற விதமும் பெட்டியும் மாறின, ரசாயனம் மாறவில்லை.

இதிலிருந்து ஒன்று விளங்கும்: அமிலத்தின் அடர்த்தியை அளந்தால் சார்ஜ் எவ்வளவு என்று தெரிந்துவிடும். முழு சார்ஜில் 1.265 அளவில் இருக்கும், பாதி சார்ஜில் 1.190, காலியானால் 1.120. வோல்டேஜில் பார்த்தால் 12.6-க்கு மேல் முழுசு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால், 11.8 என்றால் காலி. என்ஜினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து எடுத்த எண்ணாக இருக்க வேண்டும். அவசரம் என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு அளக்கலாம்.

அறிகுறி: சாவி திருப்பினால் சத்தமே இல்லை

முதலில் ஹெட்லைட்டைப் போடுங்கள். பளிச்சென்று எரிகிறது, ஹாரனும் நன்றாக அடிக்கிறது என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். கோளாறு ஃபியூஸ், செல்ஃப் ரிலே, சாலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்தச் சுவிட்ச்), இக்னிஷன் சுவிட்ச் இவற்றில்தான் இருக்கும். கிளட்ச் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் வண்டி என்றால் கிளட்ச் சுவிட்சையும், ஆட்டோமேட்டிக் என்றால் கியர் பார்க்கிங்கில்தான் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இதற்குப் பேட்டரி வாங்கிப் பயனில்லை.

விளக்கே எரியவில்லை என்றால் டெர்மினல் கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். கைக்கு அசைந்தால் அதுதான் காரணம். அசையவில்லை, மீட்டரில் 11-க்குக் கீழே இருக்கிறது என்றால் பேட்டரி முழுக்க இறங்கிவிட்டது. ஏன் இறங்கியது என்பதற்குக் கீழே மூன்றாவது அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: டக் டக் டக் என்று அடிக்கிறது, என்ஜின் சுற்றவில்லை

சாலினாய்டு இழுக்கிறது, வோல்டேஜ் விழுகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. அந்தச் சத்தம்தான் இது. இதற்குக் காரணம் இரண்டு: பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது சார்ஜ் இருந்தும் செல்ஃப் மோட்டார் வரை போய்ச் சேரவில்லை. இரண்டையும் பிரிப்பது ஐந்து நிமிட வேலை.

மீட்டர் முனைகளைப் பேட்டரியின் ஈயத் தண்டுகளிலேயே வையுங்கள், கிளாம்ப்பில் வைக்காதீர்கள். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது பலவீனமாகிவிட்டது. 11-க்கு மேலேயே நிற்கிறது, ஆனாலும் டக் டக் என்றால் இணைப்பில்தான் கோளாறு. இப்போது மீட்டரின் ஒரு முனை ஈயத் தண்டில், மறுமுனை அதே தண்டைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில். செல்ஃப் அடிக்கும்போது இங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. அதே மாதிரி நெகட்டிவ் தண்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவிலும் பாருங்கள்.

பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றி வந்த ஒரு குட்டி யானை வண்டி. தண்டில் 12.3, கிளாம்ப்பில் 8-க்குக் கீழே. நாலு வோல்ட்டுக்கு மேல் அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் காணாமல் போயிருந்தது. கிளாம்ப்பைக் கழற்றினால் உள்வட்டம் முழுக்கச் சாம்பல் நிறப் பொருக்கு. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி முடுக்கியதும் ஒரே அடியில் எடுத்தது. டிரைவர் தம்பி புதுப் பேட்டரிக்கு ஓனரிடம் பணம் வாங்கி வந்திருந்தார், அதை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

இதே அறிகுறி மார்கழி, தை மாதங்களில் மட்டும் காலையில் வருகிறதா? ஓசூர், தளி, அஞ்செட்டிப் பக்கத்து டீசல் வண்டிகளில் இது சகஜம். குளிரில் ரசாயன வேகம் குறையும், என்ஜின் ஆயிலும் கெட்டியாகும். ஆனால் பேட்டரியைக் கெடுத்தது பெரும்பாலும் குளிர் இல்லை, அதற்கு முந்தைய சித்திரை வெயில். சூட்டில் பிளேட்டின் சட்டம் வேகமாக அரிக்கும். கோடையில் லேசாகச் சுற்றுகிற என்ஜினுக்கு அரைகுறைப் பேட்டரியே போதுமாக இருந்திருக்கும், குட்டு வெளிப்படுவது தை மாதத்தில்.

அறிகுறி: நேற்று ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் செத்துக் கிடக்கிறது

வண்டி நிற்கும்போது எதுவோ கரண்ட் குடிக்கிறது. கடிகாரம், ரிமோட் லாக், கம்ப்யூட்டர் இவற்றுக்காக எல்லா வண்டியும் கொஞ்சம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை பரவாயில்லை. அதுவே அரை ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் ஹவர். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்றாம் நாளே கையை விரித்துவிடும்.

கண்டுபிடிக்கும் விதம்: எல்லாக் கதவும் மூடி, சாவியை எடுத்துவிட்டு, பானெட்டை மட்டும் திறந்து வையுங்கள். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டு, நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, தண்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் மீட்டரை இணையுங்கள். உடனே பார்க்கிற எண்ணை நம்பாதீர்கள். கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணி நேரம் வரை ஆகலாம். அதற்குப் பிறகும் 50-க்கு மேல் நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எந்த ஃபியூஸை உருவும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்த லைனில் திருடன் இருக்கிறான். மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் போய்விடும்.

வெளியில் போட்ட ஆம்ப்ளிஃபயர், நேரடியாக பேட்டரியில் இழுத்த ஜிபிஎஸ், டிக்கி விளக்கு, சபரிமலைக்குப் போகும்போது மாட்டிய சீரியல் லைட்டின் வயர், இவைதான் வழக்கமாக மாட்டுகிறவை. எல்லா ஃபியூஸும் உருவியும் எண் இறங்கவில்லை என்றால் டைனமோவின் டயோடு ஒழுகுகிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பேட்டரியின் மேல்மூடியில் படிந்த அழுக்கும் அமில ஈரமும் சேர்ந்தாலே கரண்ட் கசியும். மீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனையை நெகட்டிவ் தண்டில், மறுமுனையை மூடியின் பிளாஸ்டிக் மேல் இழுத்துப் பாருங்கள். ஏதாவது எண் காட்டினால் கழுவ வேண்டிய நேரம்.

மாம்பழ சீசனில் வருகிற கேஸ் தனி. ஜூன், ஜூலையில் மாங்கூழ் ஆலை வாசலில் லோடு இறக்க வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். என்ஜின் அணைந்திருக்கும், பாட்டும் ஃபேனும் ஓடும். பத்தடி நகர ஒரு செல்ஃப், அப்புறம் இன்னொரு பத்தடிக்கு இன்னொரு செல்ஃப். இதில் கோளாறு எதுவும் இல்லை, எடுத்தது திரும்பப் போகவில்லை, அவ்வளவுதான். நன்றாகச் சார்ஜ் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அதே நாளில் போட வேண்டும். இறங்கிய பேட்டரியை வாரக்கணக்கில் அப்படியே விட்டால் பிளேட்டில் ஒட்டிய சல்பேட் கெட்டியான படிகமாகிவிடும், பிறகு சார்ஜருக்கு மசியாது.

அறிகுறி: சார்ஜ் போட்டால் ஏறுகிறது, இரண்டே நாளில் இறங்கிவிடுகிறது

கரண்ட் குடிக்கிற திருடனை மேலே சொன்னபடி தேடிவிட்டீர்கள், யாரும் இல்லை. இப்போதுதான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும்.

முழு சார்ஜ் போட்டு ஆறு மணி நேரம் ஆறவிட்டு, மூடிகளைத் திறந்து ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் வையுங்கள். 1.260, 1.255, 1.260, 1.130, 1.255, 1.260. இப்படி ஐந்து ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் படுத்திருந்தால் அந்த நாலாவது செல் போய்விட்டது. பிளேட்டிலிருந்து உதிர்ந்த தூள் அடியில் சேர்ந்து ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது நடுவில் உள்ள தடுப்பு கிழிந்திருக்கும். செல்களுக்கு நடுவே 0.050-க்கு மேல் வித்தியாசம் வந்தாலே பேட்டரியை நம்ப வேண்டாம். மூடி திறக்க முடியாத சீல்டு பேட்டரியில் இதே கோளாறு வேறு விதமாகத் தெரியும்: எவ்வளவு சார்ஜ் போட்டாலும் 10.5 வோல்ட்டில் வந்து நிற்கும். ஆறில் ஒன்று கழிந்த கணக்கு அது.

ஆறுமே ஒன்றாக 1.200-ஐத் தாண்டவில்லை என்றால் சல்பேட் கெட்டியாகிவிட்டது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைந்த கரண்டில் ஒரு நாள் முழுக்க நிதானமாகப் போட்டால் சில பேட்டரிகள் ஓரளவு மீளும். புதிதாக ஆசிட் ஊற்றினால் ஏறிவிடும் என்பார்கள். ஹைட்ரோமீட்டரில்தான் எண் ஏறும், பிளேட்டில் எதுவும் மாறாது. கூடுதல் அமிலம் பிளேட்டை இன்னும் சீக்கிரம் தின்னும். விற்றுவிட்டுக் கைகழுவ நினைக்கிறவர்களின் வித்தை அது. செகண்ட் ஹேண்ட் பேட்டரி வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

பர்கூர் பக்கத்து கிரானைட் குவாரிகளுக்குப் போகிற வண்டிகளில் பிளேட் உதிர்வதற்கு முக்கியக் காரணம் குலுக்கல். பேட்டரியை இறுக்கிப் பிடிக்கும் பட்டையைத் தொலைத்துவிட்டு, பழைய டியூபைக் கிழித்துச் செருகி வைத்திருப்பார்கள். அந்தப் பட்டையின் விலை பேட்டரி விலையில் ஒரு துளி.

அறிகுறி: பேட்டரி விளக்கு எரிகிறது, ஹெட்லைட் மங்குகிறது

என்ஜின் ஓடும்போது தண்டில் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். 12.5-இலேயே நின்று, ஓட ஓட இறங்கினால் டைனமோ தரவில்லை. பெல்ட், பின்னால் உள்ள சாக்கெட், கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது) என்று அந்த வரிசையில் பாருங்கள். சில புது மாடல்களில் எரிபொருள் மிச்சத்துக்காக கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைத்துக் கூட்டும், கொஞ்ச நேரம் 12.8 காட்டினால் பதற வேண்டாம்.

தொப்பூர் கணவாயில் ராத்திரி இறங்கும்போது இந்த விளக்கு எரிந்தால் ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹெட்லைட்டை மட்டும் விட்டு வையுங்கள். வளைவில் நிறுத்தி என்ஜினை அணைக்காதீர்கள், மறுபடி எடுக்காமல் போகலாம். நல்ல வெளிச்சமும் இடமும் உள்ள இடத்துக்குப் போய் நிறுத்துங்கள்.

ஓடுகிற வண்டியில் டெர்மினலைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கிற பழக்கம் ஒன்று உண்டு. அம்பாசடர் காலத்தில் சரி. இன்றைக்கு அப்படிக் கழற்றினால் டைனமோவின் வோல்டேஜ் ஒரு நொடியில் பல மடங்கு எகிறி, கம்ப்யூட்டர் முதல் மீட்டர் வரை தீய்த்துவிடும். கழற்றுகிற இடத்தில் பொறியும் வரும், பக்கத்திலேயே ஹைட்ரஜனும் இருக்கும். யாராவது ஸ்பேனரோடு வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

அறிகுறி: தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது, அழுகிய முட்டை நாற்றம், பெட்டி உப்புகிறது

மூன்றும் சேர்ந்து வந்தால் அதிகச் சார்ஜ். என்ஜின் ஓட்டத்தில் 14.8-க்கு மேல் போகிறதா என்று பாருங்கள். போனால் ரெகுலேட்டர் போய்விட்டது. அளவுக்கு மேல் ஏற்றும் கரண்ட், சல்பேட்டை மாற்றி முடித்த பிறகு தண்ணீரைத்தான் உடைக்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழியாக வெளியேறும். தண்ணீர் வற்றுவது அதனால்தான். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

நாற்றம் வருவது வேறு வாயு, ஹைட்ரஜன் சல்பைடு. பேட்டரி கொதிக்கிற நிலைக்குப் போனதன் அடையாளம் அது. வண்டிக்குள் அந்த வாடை வந்தால் ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கி, கதவுகளைத் திறந்து வையுங்கள். கொஞ்ச நேரத்தில் நாற்றம் போய்விட்டது என்று நம்பிவிடக் கூடாது. இந்த வாயுவுக்கு மூக்கை மரத்துப்போகச் செய்யும் குணம் உண்டு. பெட்டி ஆறும் வரை கிட்டே போக வேண்டாம். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடவே கூடாது.

நாற்றமும் உப்பலும் இல்லை, வெயில் காலத்தில் தண்ணீர் மட்டும் கொஞ்சம் குறைகிறது என்றால் அது இயல்பு. பிளேட்டுக்கு மேல் ஒரு செ.மீ. அல்லது பெட்டியில் போட்ட மேல்கோடு வரை நிரப்பினால் போதும். எதை நிரப்புவது என்பதில்தான் நம் ஊர்ப் பிரச்சினை. தருமபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். பல்லும் எலும்பும் கெட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பேட்டரிக்கு அதைவிட மோசம், போர் தண்ணீரில் கரைந்திருக்கும் குளோரைடும் இரும்பும். குளோரைடு ஈயச் சட்டத்தை அரிக்கும். இரும்பு, பிளேட்டுக்குப் பிளேட் ஓடி ஓடிச் சார்ஜைத் தானாகவே இறக்கும். ஒகேனக்கல் தண்ணீரும் வேண்டாம், கேன் தண்ணீரும் வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், உப்பு அப்படியே இருக்கும். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் காயிலின் அழுக்கும் உலோகமும் வரும். பெட்ரோல் பங்கிலும் ஸ்பேர் கடையிலும் டிஸ்டில்டு வாட்டர் கேன் கிடைக்கிறது. அதை ஊற்றுங்கள்.

ஆசிட் ஊற்றக்கூடாது. ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது.

அறிகுறி: டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருக்கிறது

வெள்ளை என்றால் ஈய சல்பேட், நீலப் பச்சை என்றால் செம்புக் கம்பியை அமிலம் தின்ற செம்பு சல்பேட். வாயால் ஊதாதீர்கள், காய்ந்த பிரஷால் தட்டாதீர்கள். அந்தத் தூளில் இருக்கும் ஈயம் நேராக நுரையீரலுக்குப் போகும்.

கிளாம்ப்பைக் கழற்றி, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து மெதுவாக விடுங்கள். நுரைத்துச் சீறும், பச்சை கரைந்து ஓடும். நுரை நிற்கும் வரை விட்டு, ஈரத் துணியால் துடைத்து, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். செல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், ஒரு சொட்டு சோடாவும் உள்ளே போகக் கூடாது. காய்ந்ததும் கிளாம்ப்பை முடுக்கி, மேலே வாஸ்லின் பூசுங்கள். பூசிவிட்டு மாட்டுவது தப்பு, மாட்டிவிட்டுப் பூச வேண்டும். துடைத்த துணியைத் துவைக்கப் போடாமல் எறிந்துவிடுங்கள்.

மாதாமாதம் பூக்கிறது என்றால் தண்டின் அடியில் சீல் விட்டிருக்கும், அல்லது சார்ஜ் அதிகம். முந்தைய அறிகுறிக்குப் போங்கள்.

வழியில் நின்றுவிட்டது, பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட வேண்டும்

நெடுஞ்சாலையில் உதவிக்கு நிற்பது பெரும்பாலும் லாரிதான். லாரியில் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். அதைக் காரில் கொடுத்தால் காரின் மின்சாரச் சாமான் எதுவும் மிஞ்சாது. நல்ல மனசோடு கேபிளை நீட்டுகிற லாரி அண்ணாவிடம் "வேண்டாம்ணா, இது பன்னெண்டு வோல்ட்டு" என்று சொல்லிவிட்டு இன்னொரு காருக்குக் காத்திருங்கள்.

சிவப்புக் கேபிள்: செத்த பேட்டரியின் பாசிட்டிவ், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவ். கறுப்பு: நல்ல பேட்டரியின் நெகட்டிவ், கடைசி முனை செத்த வண்டியின் என்ஜின் பிளாக்கில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசி இணைப்பில்தான் பொறி வரும், அது ஹைட்ரஜன் பக்கத்தில் வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சுற்று. கழற்றும்போது இதற்கு நேர் எதிர் வரிசை. பெட்டி விரிந்திருந்தாலோ, அமிலம் ஒழுகினாலோ கேபிள் போட வேண்டாம், வண்டியை இழுத்துத்தான் போக வேண்டும்.

அமிலம் பட்டுவிட்டது

கண்ணில் பட்டால் முதல் சில நொடிகள்தான் எல்லாம். இமையை விரித்துப் பிடித்து, ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் கழுவ வேண்டும். எரிச்சல் நின்றாலும் நிறுத்தக் கூடாது. பால், எண்ணெய், ஆப்ப சோடா எதுவும் கண்ணில் விடக்கூடாது. கழுவி முடித்துதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், கழுவாமல் ஓடக்கூடாது. தோலில் பட்டாலும் தண்ணீர்தான், பட்ட சட்டையை உடனே கழற்றிவிட்டு. தரையில் கொட்டினால் சோடா தூவி நுரை அடங்கியதும் மண்ணோ மரத்தூளோ போட்டு வாரி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். சாக்கடையில் தள்ளினால் அமிலம் அடங்கியிருக்கலாம், அதில் கலந்த ஈயம் அடங்காது.

கடைக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. அடர் ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால் அந்த இடத்திலேயே கொதித்து முகத்தில் தெறிக்கும். சார்ஜ் போடுகிற இடத்தில் மேல்பக்கம் திறப்பு வேண்டும், ஹைட்ரஜன் மேலேதான் போகும். சார்ஜரை ஆஃப் செய்த பிறகுதான் கிளிப்பை எடுக்க வேண்டும். அப்புறம், டீ வந்ததும் அதே கையோடு வடையை எடுக்கிற பழக்கத்தை விடுங்கள். ஈயம் தோல் வழியாக அவ்வளவாகப் போகாது, வாய் வழியாகத்தான் போகிறது. சோப்பு போட்டுக் கழுவுங்கள், வேலைச் சட்டையைக் கடையிலேயே மாற்றுங்கள், வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். விடாத வயிற்று வலி, மலச்சிக்கல், சோர்வு, ரத்தச்சோகை, மணிக்கட்டில் பலம் குறைவது இவையெல்லாம் ஈயத்தின் வேலையாக இருக்கலாம். அல்சர் மாத்திரை போட்டுக்கொண்டே வருஷங்களை ஓட்டாமல், டாக்டரிடம் என்ன தொழில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே செத்துவிட்டது, பழையதை என்ன செய்வது

புதுசு வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் விலை கழிப்பார்கள். பழைய இரும்புக் கடையில் நூறு இருநூறு கூடக் கிடைக்கலாம். அந்தக் கூடுதல் காசு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். முறையான ஆலைக்கு மூடிய உலை, தூசி வடிகட்டி, அமிலம் சுத்திகரிக்கும் தொட்டி எல்லாம் வேண்டும், அதற்குச் செலவு உண்டு. தோப்புக்குப் பின்னால் கோடாலியால் உடைத்து, அமிலத்தை ஓடையில் கவிழ்த்து, திறந்த அடுப்பில் உருக்குகிறவருக்கு அந்தச் செலவு கிடையாது.

ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், விறகு அடுப்பே போதும். வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறேன் என்று வீட்டு முற்றத்திலேயே உருக்குவதும் இதே கதைதான். புகையும் தூசியும் மண்ணில் படியும், மழையில் கரைந்து ஓடிவிடாது, மேல்மண்ணிலேயே பல தலைமுறைக்குக் கிடக்கும். தவழ்கிற குழந்தை கையை வாயில் வைக்கும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களைப் போல நாலைந்து மடங்கு குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், அது மூளை வளர்ச்சியைத்தான் முதலில் அடிக்கும். செனகல் நாட்டில் தாக்கர் நகரின் ஓரத்தில் 2007 கடைசியிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். பழைய பேட்டரி உடைத்த இடத்து மண்ணைச் சலித்து ஈயம் எடுத்த குடியிருப்பு அது.

2001 முதல் இருந்த பேட்டரி விதிகளுக்குப் பதிலாக 2022 ஆகஸ்டில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரித்து, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. பழையதை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனியாக வைத்து அந்த வழியில் ஒப்படைப்பது நம் பொறுப்பு. ஈயத்தைத் தரம் குறையாமல் திரும்பத் திரும்ப உருக்கிப் புதுப் பேட்டரி செய்யலாம், சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்.

எடுத்துப் போகும்போது நிமிர்த்தியே வையுங்கள், அடியில் ஒரு பிளாஸ்டிக் டிரே, தண்டுகளின் மேல் டேப். பைக்கில் காலிடுக்கில் வைத்துக் கொண்டு போகாதீர்கள். பில்லில் பழைய பேட்டரி பெற்றதாக எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே வீட்டில் யாராவது பேட்டரி உடைத்திருந்தாலோ, ஈயம் உருக்கியிருந்தாலோ, குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது 2021-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல். அந்த இடத்து மண்ணைப் பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்து ஈரமாக்கி வாரி, மூடி வையுங்கள்.